மூன்று மாதத்தில் 200 கிராம்!

குழந்தையின் எடை எங்கே தட்டி நிற்கிறது? கஞ்சித் தம்ளரிலிருந்து ஐந்து ரூபாய் பாக்கெட் வரை ஒரு நேரடிப் பார்வை

மேசை மேல் எடை மெஷின். அதன் வெள்ளைத் தட்டில் நாலாக மடித்த பழைய துண்டு. பாப்பாவை உட்கார வைத்ததும் துண்டின் ஓரத்தை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சிவப்பு எண்கள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஓடி 6.9-ல் நின்றன. பால்வாடி டீச்சர் அவளைத் தூக்கி, துண்டைச் சரிசெய்து, மறுபடி உட்கார வைத்தார். மறுபடியும் 6.9.

கொட்டாம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். என் அக்கா மகளைக் கட்டிக் கொடுத்த ஊர். பாப்பாவுக்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்று நடக்கிறது. முந்தின நாள்தான் காதுகுத்து. மொய் எழுதிவிட்டு வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். “என்ன ஆத்தா, புள்ள இப்படி நோஞ்சானா இருக்கு?” “பால் பத்தலையோ?” “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு.” “தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துப் பாரு.” என் அக்கா மகள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அழுதாள். மறுநாள் எடை போடும் நாள் என்பதால் நானும் கூடப் போனேன்.

டீச்சர் தாய் சேய் நல அட்டையைப் பிரித்துப் புள்ளி வைத்தார். ஏழாம் மாதம் 6.7 கிலோ. இப்போது 6.9. இரண்டு புள்ளிகளையும் பேனாவால் சேர்த்தபோது, அதுவரை மேலே ஏறிவந்த கோடு சமதரையில் நடப்பதுபோல் போனது.

“ஒல்லியா இருக்கறதப் பத்தி நான் கவலப்படல. கோடு படுத்துக்கிச்சு பாருங்க, அதான் கவல” என்றார்.

பச்சை, மஞ்சள், சிவப்பு நாடாவைப் பாப்பாவின் இடது மேற்கையில் சுற்றினார். 12.8 செ.மீ. பச்சைதான், ஆனால் மஞ்சளுக்குப் பக்கத்து வீடு. அடுத்த கேள்வியை அப்பத்தாவிடம் கேட்டார். “பகல்ல என்னென்ன குடுக்குறீங்க?”

அப்பத்தா விரல் விட்டுச் சொன்னார். காலையில் சீனி தொட்டு ஒரு இட்லி. பத்து மணிக்குப் பருப்புத் தண்ணி. மத்தியானம் நல்லாக் கரைச்ச ரசஞ்சாதம். சாயங்காலம் டீயில் முக்கி ரெண்டு பிஸ்கட். ராத்திரி அம்மா வந்ததும் தாய்ப்பால். நேரம் தவறியதில்லை, பட்டினி போட்டதில்லை, அப்பத்தா மடியை விட்டு அந்தப் பிள்ளை இறங்கியதுமில்லை. அப்படியிருந்தும் மூன்று மாதத்தில் 200 கிராம்தான்.

கோடு பேசும், கன்னம் பேசாது

பிறந்தபோது இருந்த எடை ஐந்தாம் மாதவாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. இந்தக் கணக்கு பல அம்மாக்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தன் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையைக் காட்டத்தான் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. அமெரிக்காவின் டேவிஸ், நார்வேயின் ஆஸ்லோ, பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, ஓமனின் மஸ்கட், நம் டெல்லி என ஆறு ஊர்களில் தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்ட அட்டவணை அது. சின்ன வயதில் எந்த நாட்டுக் குழந்தையானாலும் வளரும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அந்த ஆய்வு காட்டியது. ‘நம்ம புள்ளைங்க உடம்புவாகே அப்படித்தான்’ என்று தள்ளிவிட முடியாது.

அந்த அட்டவணைப்படி பெண் குழந்தையின் நடு அளவு ஏழு மாதத்தில் 7.6 கிலோ, பத்து மாதத்தில் 8.5 கிலோ. இடையில் 900 கிராம் ஏற வேண்டும். நம் பாப்பா நடுக்கோட்டுக்குக் கீழே இருப்பது ஒரு குறையே இல்லை. ஒரு வயதில் ஏழேகால் கிலோ இருக்கிற பெண் குழந்தைகூட, மாதாமாதம் தன் கோட்டிலேயே ஏறிவந்திருந்தால், நலமாக இருக்கிற குழந்தைதான். 900 ஏற வேண்டிய இடத்தில் 200 மட்டும் ஏறியதுதான் விஷயம். காதுகுத்துக்கு வந்த ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. கையைப் பிடித்துப் பார்த்தால் அது தெரியாது.

பெட்டி | எடை எவ்வளவு இருக்கலாம்?
உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி நடு அளவு. அடைப்புக்குள் இருப்பது ‘இதற்குக் கீழே போனால் எடைக்குறைவு’ என்று கொள்ளும் எல்லை.
6 மாதம்: ஆண் 7.9 கிலோ (6.4), பெண் 7.3 கிலோ (5.7)
12 மாதம்: ஆண் 9.6 கிலோ (7.7), பெண் 8.9 கிலோ (7.0)
24 மாதம்: ஆண் 12.2 கிலோ (9.7), பெண் 11.5 கிலோ (9.0)
மேற்கைச் சுற்றளவு (6 மாதம் முதல் 5 வயது வரை): 12.5 செ.மீ.க்குக் கீழே மஞ்சள், 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு.

ஒரு தம்ளர் வயிறு

குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு எவ்வளவு கொள்ளும்? ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஏழு கிலோ பாப்பாவுக்கு 210 கிராம். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளர் ஒன்று. அதற்கு மேல் ஊற்றினால் கக்கும்.

இனி தேவையைப் பார்ப்போம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பால் போக மற்ற உணவிலிருந்து 6 முதல் 8 மாதத்தில் நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் 300. ஒரு வயது தாண்டினால் 550. ஏழு மாதத்தில் போதுமாக இருந்த சாப்பாடு பத்து மாதத்தில் போதாமல் போகிறது. தவழ்வதும் பிடித்து நிற்பதும் தொடங்கியதும் செலவும் ஏறிவிடும். கோடு படுக்கும் குழந்தைகள் பல பேர் இந்த இடத்தில்தான் படுக்கிறார்கள். வீட்டில் யாரும் எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்பத்தா சொன்ன பட்டியலை அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். சின்ன இட்லி ஒன்று, 50 கலோரி. பருப்புத் தண்ணியில் 15 இருந்தால் பெரிது. கரைத்த ரசஞ்சாதம் 50. பிஸ்கட் இரண்டும் 40. எல்லாம் சேர்த்து 155. வேண்டியதில் பாதி.

பருப்புத் தண்ணியை நினைத்தால் எனக்குத் தாங்க முடியவில்லை. வேகவைத்த பருப்பின் மேலாக நிற்கும் மஞ்சள் நீரை வடித்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பருப்பைச் சாம்பாரில் போட்டு நாம் சாப்பிடுகிறோம். சத்து அடியில்தான் இருக்கிறது. ‘புள்ளைக்குச் செரிக்காது’ என்ற பயம் நம் அம்மாக்களுக்கு அவர்கள் அம்மாக்கள் தந்தது. எட்டு மாதக் குழந்தைக்கு மசித்த பருப்பு நன்றாகவே செரிக்கும். பசையாகக் குழைத்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் அந்த நெய்யில் மட்டும் 45 கலோரி. மூன்று தம்ளர் பருப்புத் தண்ணிக்கு அந்த ஒரு ஸ்பூன் சமம்.

ஜவ்வரிசிக் கஞ்சியும் கூகைக்கிழங்கு மாவும் இதே வரிசைதான். ‘உடம்பு வைக்கும்’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஜவ்வரிசி என்பது மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து. புரதம் ஏறக்குறைய இல்லை, இரும்புச்சத்து சொற்பம். வயிற்றுப்போக்கு நாளில் கஞ்சியாகக் கொடுக்கலாம். தினமும் அதையே ஊட்டினால் தம்ளர் நிறையும், சதை வைக்காது.

முளை கட்டிய மாவின் வித்தை

கஞ்சியைக் கெட்டியாக்கலாம்தான். ஆனால் கெட்டிக் கஞ்சியைப் பிள்ளை துப்புகிறது. தண்ணீர் விட்டால் சத்து குறைகிறது. இந்தச் சிக்கலுக்கு விடை நம் மண்ணிலேயே இருந்தது. 1980-களில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் அதை விஞ்ஞானமாக எடுத்து ஆராய்ந்தார்கள். தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி அதில் பெருகுகிறது. அது மாவுச்சத்தை அறுத்து இளக்கிவிடும்.

டீச்சர் அதைச் செய்தே காட்டினார். பால்வாடி அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சி, கரண்டி நட்டால் நிற்கும் கெட்டியில். இறக்கி வைத்துக் கொஞ்சம் சூடு தணிந்ததும் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறினார். நாலைந்து நிமிடம். கரண்டி சாய்ந்தது. களியாக இருந்தது கூழாகி, ஸ்பூனிலிருந்து வழிய ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டு இறக்கினார். முளைகட்டிய மாவில் கிருமி இருக்கலாம் என்பதால் அந்தக் கொதி கட்டாயம். கெட்டிக் கஞ்சியின் சத்து முழுக்க இருக்கிறது, இளங்கஞ்சிபோல் தொண்டையில் இறங்குகிறது. அப்பத்தா அந்தப் பாத்திரத்தை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

மாவு செய்வது கஷ்டமில்லை. கேழ்வரகைக் கழுவி ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். துணி காயாமல் தண்ணீர் தெளித்துவந்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை விடும். நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி முளையை உதிர்த்துப் புடைத்து, லேசாக வறுத்து அரைத்துச் சலிக்க வேண்டும். சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். வாசனை வரும், கஞ்சி இளகாது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து இருப்பது கூடுதல் லாபம்.

பத்து மணியும் நாலு மணியும்

ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளைச் சாப்பாடும், நடுவில் ஒன்றிரண்டு முறை இடைத்தீனியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் இடைத்தீனி என்றாலே அழுகையை நிறுத்தக் கையில் கொடுப்பது என்றாகிவிட்டது. ஒரு தம்ளர் வயிற்றுக்காரிக்கு அது சாப்பாட்டில் ஒரு பங்கு. காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவே பத்து மணிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கும் வைக்கிற கிண்ணத்தில்தான் விட்டுப்போன 150 கலோரியை மீட்க முடியும்.

முதலில் நிலக்கடலை. வறுத்துத் தோல் நீக்கிய கடலையை விழுதாக அரைத்தால் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 கிராமில், 85 கலோரியும் நாலு கிராம் அளவுக்குப் புரதமும் கிடைக்கும். மசித்த வாழைப்பழத்தில் அதைக் குழைத்துக் கொடுத்தால் பிள்ளை கிண்ணத்தை விடாது. ‘கடலை பித்தம், குழந்தைக்கு ஆகாது’ என்ற பேச்சு ஊரில் உண்டு. ஒவ்வாமை வரும் என்ற பயம் படித்த வீடுகளில் உண்டு. 2015-ல் வெளிவந்த ‘லீப்’ என்ற பிரிட்டன் ஆய்வு அந்தப் பயத்தைத் திருப்பிப் போட்டது. ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே கடலை கொடுத்துவந்தபோது, தவிர்த்த குழந்தைகளைவிட ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. கடுமையான கரப்பான் இருக்கும் குழந்தைக்கு மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள். முழுக் கடலையை நாலைந்து வயது வரை கையில் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பூசணம் பிடித்த, கசக்கிற கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

முட்டை ஒன்றில் 70 கலோரி, ஆறு கிராம் புரதம். ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக வெந்த முட்டையை, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே மசித்துக் கொடுக்கலாம். மஞ்சளை மட்டும் கொடுத்து வெள்ளையை ஒரு வயது வரை தள்ளிப்போடச் சொல்வது பழைய ஆலோசனை. வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை நெய் விட்டு மசிக்கலாம். நாகர்கோவில் பக்கம் ஏத்தங்காயை உலர்த்தி அரைத்த மாவில் காய்ச்சும் கூழ் தலைமுறை தலைமுறையாகக் குழந்தை வளர்த்த உணவு. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் விளையும் வெண்ணெய்ப்பழம் கிடைத்தால் நூறு கிராமில் 160 கலோரி. கிடைக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, கடலை விழுது அந்த வேலையைச் செய்துவிடும். உளுந்தங்களியில் நல்லெண்ணெய், கெட்டியாகக் கடைந்த தயிரில் மசித்த பழம், முள் நீக்கி வேகவைத்த மீன் என்று அவரவர் ஊருக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் காலை இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனிக்குப் பதில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும் மசித்த பருப்பும் தொட்டால் 50 கலோரி இட்லி நூறைத் தாண்டிவிடும்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வெல்லம் நல்லது, சீனிதான் கெட்டது’ என்று நாமே ஒரு சமாதானம் வைத்திருக்கிறோம். இரண்டும் சர்க்கரைதான். இரண்டு வயது வரை இனிப்புக்கு வாழைப்பழமும் கொட்டை நீக்கி ஊறவைத்த பேரீச்சையும் போதும். தேன் ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்; சேனை வைக்கும் வழக்கத்திலும்கூட. பாட்டுலிசம் என்ற நரம்பு நோய்க்கு அதில் வழி இருக்கிறது.

பெட்டி | சத்துமாவு உருண்டை (ஒரு வயதுக்கு மேல்)
வறுத்த கேழ்வரகு மாவு 2 பங்கு, பொட்டுக்கடலை மாவு 1 பங்கு, வறுத்த வேர்க்கடலைப் பொடி 1 பங்கு, வறுத்த எள்ளுப்பொடி கால் பங்கு. பேரீச்சை விழுதும் உருக்கிய நெய்யும் சேர்த்து நெல்லிக்காய் அளவுக்குப் பிடிக்கவும். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும். இறுகிய உருண்டை தொண்டையில் சிக்கும். பிள்ளை உட்கார்ந்தபடி, நாம் பார்த்திருக்கும்போது மட்டும் கொடுக்கவும். ஒரு வயதுக்குள் இதே மாவைக் கஞ்சியாகக் காய்ச்சலாம். இதில் எள்ளும் கடலையும் இருக்கின்றன; ஒவ்வாமை இருக்கலாம். முதல்முறை துளி கொடுத்துப் பார்க்கவும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், வைட்டமின்கள் உண்டு. பல வீடுகளில் அது மாட்டுக்குப் போகிறது, கோழிக்குப் போகிறது. தயவுசெய்து பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஐந்து ரூபாய் பாக்கெட்

கிராமத்துப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஐந்து ரூபாய், பத்து ரூபாய். அப்பத்தா இடுப்பில் பிள்ளையோடு போனால் கடைக்காரரே ஒன்றைப் பிய்த்துக் கையில் கொடுக்கிறார். அன்புதான். ஆனால் உப்பும் எண்ணெயும் மாவும் சேர்ந்த அந்தப் பொரியலில் பத்துத் துண்டு சாப்பிட்ட பிள்ளைக்கு மதியம் பசிக்காது. குளுக்கோஸ் பிஸ்கட்டில் எடைக்குக் கால் பங்கு சர்க்கரை. அதை டீயில் முக்கும்போது இன்னொரு கெடுதல் சேர்கிறது. டீயிலுள்ள டானின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் கட்டிப்போடும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை. ரத்தசோகை வந்த பிள்ளைக்குப் பசி எடுக்காது. பசி எடுக்காத பிள்ளைக்கு மறுபடி பிஸ்கட்.

வசதியான வீடுகளில் பெட்டிக்கடைக்குப் பதில் டப்பா. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு இந்தியாவில் விளம்பரமே செய்யக்கூடாது. அதனால் விளம்பரமெல்லாம் வளர்ந்த பிள்ளைகளுக்கான பால் பவுடர்களின்மேல் வந்து இறங்குகிறது. டிவியில் உயரமாக வளரும் பையனைப் பார்த்துவிட்டு, ஒன்பது மாதக் கைக்குழந்தைக்கும் அதையே கரைத்துப் புகட்டுகிறார்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது என்று சொல்லி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளில் அந்தத் தலைப்பையே எடுக்கச் சொன்னது. அதே மாதம் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு, இந்தியாவில் விற்கும் பிரபலமான குழந்தைத் தானிய உணவு ஒன்றில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராமை ஒட்டிச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதை வெளியிட்டது. ஒரு டப்பா பவுடர் வாங்கும் காசுக்கு ஒரு மாதம் தினம் ஒரு முட்டை வாங்கலாம்.

பசும்பாலும் இந்தக் கணக்கில் வருகிறது. ஒரு வயதுக்கு முன் அது முக்கிய உணவாகக் கூடாது. ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் மற்ற சாப்பாட்டுக்கு இடமிருக்காது. பால் பாட்டிலோடு திரியும் கொழுகொழு குழந்தைகளில் பலருக்கு உதடு வெளுத்திருக்கும்; ரத்தசோகையை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

1980, இதே கொட்டாம்பட்டி

டீச்சர் பேசும்போது, “இந்த வட்டாரத்துலதான் முதமுதல்ல எடை போட ஆரம்பிச்சாங்க, எங்கம்மா காலத்துல” என்றார். உண்மைதான். உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் முன்னோட்டமாகத் தொடங்கியது அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே நடந்தது அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதாமாதம் எடை போட்டார்கள். எல்லாருக்கும் ஒரேமாதிரி உணவு கொடுக்கவில்லை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் தினம் ஒரு சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை இப்போது எப்படியிருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த திட்டம் அது. கடுமையான ஊட்டக்குறைவு அந்தப் பகுதிகளில் குறைந்ததை உலக வங்கியின் மதிப்பீடுகளும் சொல்கின்றன.

இன்றைக்கு ‘போஷன் டிராக்கர்’ செயலி இருக்கிறது. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கென 2022-ல் தமிழக அரசு தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் இருக்கிறது. எண் போனில் பதிவாகிவிடுகிறது. ஆனால் அந்தக் கோட்டை அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் காட்டி, ‘என்ன குடுக்குறீங்க?’ என்று உட்கார்ந்து கேட்க அரை மணி நேரம் வேண்டும். பதிவேடும் செயலியும் சமையலும் மற்ற சர்வே வேலைகளும் தலையில் இருக்கும் ஒரு டீச்சரிடம் அந்த அரை மணி நேரத்தை நாம் விட்டுவைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

ஊட்டுவது யார்?

என் அக்கா மகள் காலை ஏழரைக்கு மில் வேன் ஏறுகிறாள். ஏழு மணிக்கு மேல்தான் வீடு. பாப்பாவுக்குப் பகலில் நாலு வேளையும் ஊட்டுவது அறுபத்தெட்டு வயது அப்பத்தா; முட்டி வலி, ஒரு கண்ணில் புரை. கெட்டியாக ஊட்டினால் ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகும். ரசஞ்சாதம் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். தண்ணியாகக் கரைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் அறியாமை மட்டும் இல்லை, நேரமின்மையும் இருக்கிறது. ‘தாய்மார்களே, இதைச் செய்யுங்கள்’ என்று பட்டியல் போடும் எல்லாரும் இந்த வேன் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏற்பாடு செய்தோம். கடலை விழுது ஒரு பாட்டில், முளைகட்டிய மாவு ஒரு டப்பா. மாப்பிள்ளை வறுக்க, நான் அரைத்தேன். காலையில் கிளம்புமுன் அக்கா மகள் முட்டையை வேகவைத்து மூடிவைப்பாள். அப்பத்தாவுக்கு மசிப்பது மட்டும் வேலை. டீயும் பிஸ்கட்டும் அப்பத்தாவுக்கு மட்டும். அதற்கு அவர் சம்மதிக்க இரண்டு நாள் ஆனது.

ஊட்டும் முறையும் ஒரு பாதி. மூக்கைப் பிடித்துத் திணித்தால் அடுத்த வேளை கிண்ணத்தைப் பார்த்ததுமே வாயை மூடும். போனில் பாட்டு ஓடவிட்டால் விழுங்கும், ஆனால் எப்போது வயிறு நிறைந்தது என்று அதற்கே தெரியாமல் போகும். முதல் நாள் துப்பிய கடலை விழுதை எட்டு, பத்து முறை காட்டிய பிறகு சில குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றன. பாப்பா நாலாவது நாள் ஏற்றுக்கொண்டாள்.

இன்னொன்று, நோய். எட்டு நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ‘மால்-எட்’ ஆய்வின் இந்திய மையம் வேலூர். வயிற்றுப்போக்கே இல்லாதபோதும் குடலில் தங்கும் கிருமிகள் வளர்ச்சியைப் பிடித்து இழுப்பதை அது காட்டியது. ஊட்டும் கை சோப்பால் கழுவியதாக இருப்பதும் எடைக் கணக்கில் சேரும். பாப்பாவுக்கு எட்டாம் மாதத்தில் இரண்டு முறை பேதி வந்து போயிருந்தது. காய்ச்சல், பேதி தீர்ந்த பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நாம் செய்வதோ, ‘வயிறு சரியில்லாத புள்ள’ என்று இரண்டு வாரம் கஞ்சித் தண்ணியிலேயே நிறுத்துவது.

பெட்டி | தின்பண்டம் போதாது, டாக்டர் வேண்டும்
எடை ஏறாமல் இறங்கினால். மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால். இரண்டு பாதமும் வீங்கினால். பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தால் (பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்னும் குழந்தைக் காசநோயாக இருக்கலாம்). பேதி 14 நாள் தாண்டினால்.
ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப், ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மருந்து: இரண்டும் அரசு மையங்களில் இலவசம்.
தொக்கம் எடுக்கப் போக வேண்டாம். தொண்டையில் விரலோ குழலோ விட்டுக் காயமாவது ஒன்று, உண்மையான நோய்க்குச் சிகிச்சை தள்ளிப்போவது இன்னொன்று.

கொழுகொழு ஆசை

பயத்தில் அளவு மீறுவதும் நடக்கிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1990-களில் கிராமத்துத் தாய்மார்களின் பிரசவங்களைத் தொடர்ந்து கவனித்து, பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. தசை குறைவு, உறுப்புகள் சிறிது. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் எடை வித்தியாசத்துக்கு ஏற்பக் குறையவில்லை. மெலிந்த உடம்புக்குள் ஒளிந்த கொழுப்பு. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு அது அடித்தளம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அப்படிப் பிறந்த குழந்தையைச் சீனியாலும் மாவாலும் வேகமாகப் பருக்கவைத்தால் ஏறுவது கொழுப்பு. தசையும் எலும்பும் ஏறப் பருப்பு, முட்டை, மீன், கடலை, கீரை வேண்டும். தராசு இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். அதனால் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். கவனம் அதிகம் போக வேண்டியது அங்கேதான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போயிருந்தேன். எடை நாள். பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. பால்வாடித் திண்ணையில் பிடித்து நின்றுகொண்டு, கையிலிருந்த உருண்டையைப் பாதி தின்று பாதி உதிர்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் உட்கார வைத்ததும் எண்கள் ஓடி 7.5-ல் நின்றன. இரண்டு மாதத்தில் 600 கிராம். டீச்சர் கோட்டை இழுத்தார். அது மேலே திரும்பியிருந்தது. இன்னும் நடுக்கோடு தூரத்தில்தான் இருக்கிறது. உதட்டில் இருந்த வெளுப்பும் முழுதாகப் போகவில்லை. இரும்புச்சத்து சிரப் தொடர்கிறது.

அப்பத்தா அட்டையை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டார். அவள் இடுப்பில் புட்டிப்பாலோடு ஒரு குண்டுப் பையன்.

“ஏத்தா, இவனையும் தட்டுல வை. கோடு எங்குட்டுப் போகுதுன்னு பாப்போம்.”